தடை எங்கே இருக்கிறது?

"அக்கா, இதுல எந்த கேட்டகிரி ஈஸி?"

கல்யாணமாகாத ஜோடிகள் என் எதிரே உட்கார்ந்து கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். புனேயின் ஹிஞ்சேவாடியிலோ கராடியிலோ ஐடி வேலை. இருவரில் ஒருவருக்குக் கனடா பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) வந்திருக்கும், அல்லது குடியுரிமையே இருக்கும். மற்றவரை எப்படி அழைத்துக்கொள்வது என்பதுதான் விஷயம். ஜவுளிக்கடையில் புடவையை விரிக்கச் சொல்வதுபோல எல்லா வகைகளையும் எடுத்துப் போடச் சொல்வார்கள். நான் விரிப்பதில்லை. "ரெண்டு பேரும் எந்தத் தேதியிலேர்ந்து ஒரே வீட்டுல இருக்கீங்க?" என்று கேட்பேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். காதலைச் சொன்ன தேதி இருவருக்கும் துல்லியமாக ஞாபகம் இருக்கும். பெட்டி படுக்கையோடு ஒரே கதவுக்குள் நுழைந்த தேதி பாதிப் பேருக்கு நினைவில் இருக்காது. கனடாச் சட்டத்துக்கு வேண்டியது இந்த இரண்டாவது தேதி.

என் வேலை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலில் போலிகள் அதிகம். அப்பா கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் புனேயில். கனடாவின் குடிவரவுச் சட்டம் 91வது பிரிவின்படி, காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லவும் மனுதாரருக்காக ஆஜராகவும் அங்கே உரிமம் பெற்ற வழக்கறிஞர், ஆலோசகர் போன்றோருக்குத்தான் அதிகாரம். நான் டொரண்டோவில் இருக்கும் ஒரு வழக்கறிஞரின் கீழ், புனே முனையில் ஆவணம் சேகரிப்பவள். கையெழுத்து அவருடையது, வீட்டு ஓனரிடம் கெஞ்சுவது என்னுடையது. மராத்தியும் தமிழும் தெரிந்திருப்பதால் இரண்டு பக்கத்து அம்மாக்களின் கண்ணீரும் எனக்கே வந்து சேரும்.

2002 ஜூனில் கனடாவின் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, நிச்சயதார்த்தம் ஆனவரை அழைத்துக்கொள்ளும் பழைய வகை எடுபட்டுப் போனது. இப்போது இருப்பவை மூன்று. கணவன் மனைவி என்பது ஒன்று. குறைந்தது ஓராண்டு தம்பதிபோல் சேர்ந்து வாழ்ந்த காமன் லா இணை இரண்டாவது. மூன்றாவது கான்ஜுகல் பார்ட்னர்: கனடாவுக்கு வெளியே இருப்பவர், ஸ்பான்சரோடு (அழைத்துக்கொள்பவரோடு) ஓராண்டுக்குக் குறையாமல் தாம்பத்தியத்துக்கு ஒப்பான உறவில் இருப்பவர், ஆனால் மணக்கவும் முடியாமல் ஓராண்டு சேர்ந்து வாழவும் முடியாமல் ஏதோ ஒன்று தடுத்துக்கொண்டிருப்பவர். படித்துப் பார்த்துவிட்டு வரும் ஜோடிகள் மூன்றாவதைத்தான் விரலால் தொட்டுக் காட்டுவார்கள். "இது எங்களுக்குன்னே எழுதின மாதிரி இருக்கு." இருப்பதிலேயே குறுகலான வாசல் அது. அங்கே பிறகு வருகிறேன்.

காமன் லாவுக்கு வருவோம், புனேயின் தலைவலி அங்கேதான் தொடங்குகிறது. இங்கே வாடகை ஒப்பந்தம் என்றால் 'லீவ் அண்ட் லைசன்ஸ்'. வழக்கம் 11 மாதம். மகாராஷ்டிரத்தில் 1999 வாடகைச் சட்டப்படி 11 மாத ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும்; ஏஜென்ட் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்து கைரேகை எடுத்துப் பதிந்துவிட்டுப் போவான். ஆனால் கனடா கேட்பது இடையில் முறிவில்லாத 12 மாதம். அந்த ஒரு மாத இடைவெளி எத்தனை கோப்புகளில் என்னைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது! முதல் ஒப்பந்தம் முடிந்து ஓனர் புதுப்பிக்காமல் வாய்வார்த்தையில் ஓடிய மாதங்கள், புது ஒப்பந்தத்தில் ஒருவர் பெயர் மட்டும் ஏறியிருப்பது, இருவர் பெயரும் இருந்தும் "உறவு" என்ற கட்டத்தில் "நண்பர்" என்று ஏஜென்ட் தானாகவே அடித்துவிட்டிருப்பது, இப்படிப் பல.

இதைவிடப் பெரிய சிக்கல் பொய். கல்யாணமாகாத ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்து வீடு கொடுக்கப் பல குடியிருப்புச் சொசைட்டிகளுக்கு மனம் வராது. அதனால் வாகடில் வீடு பிடித்த ஜோடி ஓனரிடம் கல்யாணமாகிவிட்டது என்று சொல்லியிருக்கும். கோத்ரூடில் பிடித்த ஜோடி அத்தை மகன், மாமா மகள் என்று சொல்லியிருக்கும். (நம் ஊரில் அந்த உறவே கல்யாணத்துக்கு அச்சாரம் என்பது அந்த ஓனருக்குத் தெரியாததால் பிழைத்தார்கள்.) போலீஸ் வெரிஃபிகேஷன் படிவத்தில் ஒரு பொய், சமையல் கேஸ் இணைப்பில் ஒரு பொய், அலுவலக மெடிக்ளெய்மில் மட்டும் உண்மை. கனடா அதிகாரியின் மேசையில் இவை மூன்றும் அடுத்தடுத்து விரியும்போது அவருக்கு எதை நம்புவது? அதனால் என் முதல் வேலை, எந்தத் தாளில் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று ஒரு பட்டியல் போடுவது. பொய்யை மறைத்து வைக்காமல், ஏன் சொன்னோம் என்று ஒரு பக்கக் கடிதமாக எழுதிக் கோப்பிலேயே வைத்துவிடுவோம். இந்திய நகரங்களில் வீடு கிடைப்பது எப்படி என்று விசா அதிகாரிகளுக்கு ஓரளவு தெரியும். தாங்களாகக் கண்டுபிடித்த பொய்யைத்தான் மன்னிக்க மாட்டார்கள்.

நம் சட்டமும் இந்த வாழ்க்கையை அறியாததல்ல. நடிகை குஷ்பு மீது தமிழ்நாடெங்கும் தொடுத்த வழக்குகளை 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, வயது வந்த இருவர் கல்யாணமின்றிச் சேர்ந்து வாழ்வது குற்றமல்ல என்று சொல்லியது. அதே ஆண்டு அக்டோபரில், கோயம்புத்தூர்க் குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய வேலுசாமி வழக்கில், எது 'திருமணத்துக்கு ஒப்பான உறவு' என்று அளவுகோல் வைத்தது. ஊருக்கு முன்னால் தம்பதியாக நடமாட வேண்டும், மணக்கும் வயது வேண்டும், மணக்கத் தகுதியும் வேண்டும், விரும்பிக் கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். கனடாவில் 1999இல் அங்கத்திய உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட அளவுகோலிலும் ஒரே கூரை, வீட்டு வேலைப் பங்கு, பணக் கொடுக்கல் வாங்கல், ஊர் எப்படிப் பார்க்கிறது என்றெல்லாம் வரும். வேறுபாடு ஒன்றுண்டு. நம்மூர் அளவுகோலில் இருவரும் மணக்கத் தகுதியுள்ளவர்களாக இருக்க வேண்டும்; கனடாவுக்கு அது கட்டாயமில்லை. முதல் கல்யாணம் உண்மையில் முறிந்து போயிருந்தால், விவாகரத்துத் தீர்ப்பு வராவிட்டாலும் காமன் லா இணையாக முடியும். இந்த ஒரு வரியை நம்பி என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

இனி, எல்லோரிடமும் நான் குரலை உயர்த்திச் சொல்லும் விஷயம். புனேயில் ஓராண்டு ஒரே வீட்டில் தம்பதிபோல் வாழ்ந்த ஜோடி, அவர்களுக்கே தெரியாமல், கனடாவின் கணக்கில் ஏற்கெனவே காமன் லா இணை. அவர்கள் வகை தேடி அலையத் தேவையில்லை. வாழ்ந்த வாழ்க்கை அதைத் தீர்மானித்து முடித்துவிட்டது. ஆபத்தும் இதில்தான். இருவரில் ஒருவர், பிஆருக்குப் புள்ளிக் கணக்கில் ஆளெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் விண்ணப்பிக்கிறார். கல்யாணமாகவில்லை, அதனால் 'சிங்கிள்' என்று கட்டத்தில் டிக் அடிக்கிறார். அங்கே வயது, படிப்பு, மொழி, அனுபவம் போன்ற அடிப்படைத் தகுதிக்குத் தனியாளுக்கு 500 புள்ளி வரை உண்டு. இணை உடன் வந்தால் அது 460 ஆகிவிடும், மீதி 40 இணையின் தகுதியைப் பொறுத்தது. இணையின் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் குறைவென்றால் மொத்தம் சரியும். நண்பர்களும் "சிங்கிள்னு போட்டுட்டுப் போ, அப்புறம் ஸ்பான்சர் பண்ணிக்கலாம்" என்பார்கள். அப்புறம் முடியாது. பிஆராக இறங்கும்போது அறிவிக்காத, அதிகாரி பரிசோதிக்காத இணையைப் பின்னாளில் குடும்ப வகையில் அழைக்கக் கனடாவின் குடிவரவு விதி 117 தடை போடுகிறது. பிறகு முறைப்படி தாலி கட்டினாலும் அந்தத் தடை தானாக நீங்காது. அதற்கு மேல், தவறான தகவல் தந்ததாக முடிவானால் ஐந்தாண்டு விலக்கு வேறு. மனிதாபிமான அடிப்படையில் மன்றாடும் வழி இருக்கிறது. ஆனால் உரிமையோடு கேட்பதற்கும் கருணைக்குக் காத்திருப்பதற்கும் உள்ள தூரத்தை அந்த ஜோடிகளின் முகத்தில் பார்த்திருக்கிறேன். கூட வராத இணையையும் அறிவித்து, மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டால் போதும், பிறகு அழைத்துக்கொள்ளலாம். விண்ணப்பித்த பிறகு, இறங்குவதற்கு முன் அந்த ஓராண்டு நிறைந்துவிட்டாலும் சொல்லியாக வேண்டும். இந்த 'சிங்கிள்' கட்டத்தைப் பற்றித்தான் என்னிடம் யாருமே கேட்பதில்லை.

ஸ்பான்சர் எங்கே இருக்கிறார் என்பதும் முக்கியம். கனடாக் குடியுரிமை உள்ளவர் புனேயில் இணையோடு வாழ்ந்தபடியே, திரும்பிப் போவேன் என்று காட்டி, ஸ்பான்சர் செய்யலாம். பிஆர் மட்டும் உள்ளவர் கனடாவில் இருந்தாக வேண்டும். சேர்ந்து வாழப் புனேக்கு வந்துவிட்ட பிஆர் பையன்களுக்கு இதைச் சொல்லும்போது முகம் தொங்கிவிடும்.

எளிமையான வழி கல்யாணம்தான், பல சமயம். அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும். யாரோ இருவரைப் பார்த்து "கட்டிக்கோங்களேன், வேலை சுலபம்" என்று சொல்ல நான் யார்? ஆனாலும் சொல்லியிருக்கிறேன். 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும்; அறிவிப்பு கொடுத்து இன்னொரு 30 நாள் ஆட்சேபத்துக்காகக் காத்திருக்க வேண்டும். அறிவிப்புப் பலகையில் பெயர் தொங்கும் அந்த மாதத்துக்குத்தான் பயம். சாதியோ மதமோ வேறான பிள்ளைகளுக்கு அந்தப் பலகை ஊர்ப் பஞ்சாயத்து. அதனால் ஆளந்திக்கு ஓடுகிறார்கள். ஞானேஸ்வரர் சமாதியடைந்த ஊர். புனேயிலிருந்து சிறிது தூரம்தான். காலையில் போனால் மாலைக்குள் மாலை மாற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்ற பெயர் அதற்கு உண்டு. அங்கே எடுத்த படங்களில் இரண்டு நண்பர்களும் ஒரு குருஜியும் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். கனடாவின் உறவு விவரப் படிவம், கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், பெற்றோர் வராவிட்டால் ஏன் என்று கேட்கும். இதற்கு "வெட்கப்படாமல் எழுதுங்கள்" என்பேன். வீட்டில் எதிர்த்தார்கள் என்பதுதான் உண்மை என்றால் அது தரும் நம்பகம், நூறு பேர் பந்தியில் உட்கார்ந்த படம் தருவதைவிடக் குறைவில்லை.

ஆனால் சடங்கே நடக்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கித் தரும் சங்கங்கள் பக்கம் போகக் கூடாது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு விமானி ஜோடியின் வழக்கில், இந்துத் திருமணச் சட்டப்படி உரிய சடங்கு நடக்காவிட்டால் பதிவுச் சான்றிதழ் இருந்தும் அது திருமணம் ஆகாது என்று தீர்த்தது. வெளிநாட்டு விசாவுக்காக முதலில் பதிவு, பிறகு கல்யாணம் என்று பெற்றோரே சம்மதிக்கும் வழக்கத்தையும் கண்டித்தது. அந்தத் தீர்ப்பு வந்த வாரம் எனக்கு வந்த போன்களைச் சொல்லி மாளாது. தமிழ்ப் பிள்ளைகள் சிலர் சுயமரியாதைத் திருமணம் செய்துகொள்ள ஆசைப்படுவார்கள். இந்துத் திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு தமிழ்நாட்டுத் திருத்தம், மகாராஷ்டிரத்தில் செல்லாது. ரயிலேறி ஊருக்குப் போய்ச் செய்துகொண்டு வா என்று அனுப்பிவிடுவேன்.

சூம் கல்யாணம் பற்றியும் கேட்கிறார்கள். அமெரிக்காவின் யூட்டா கவுன்டியில் இணையவழியாகத் திருமணம் செய்துவைப்பது உண்மைதான். ஒருவரோ இருவரோ நேரில் இல்லாமல் நடந்த கல்யாணத்தைக் கனடா 2015 ஜூன் முதல் ஏற்பதில்லை. அவ்வளவுதான், மேலே பேச ஒன்றுமில்லை.

மற்ற நாடுகளைக் கேட்பவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்வதுண்டு. பிரிட்டன் 2024 ஜனவரி 31 முதல், இரண்டாண்டு உறவு இருந்தால் போதும், இரண்டாண்டு ஒரே வீட்டில் இருந்தே ஆக வேண்டுமென்பதில்லை என்று தளர்த்தியது. அதே ஆண்டு ஏப்ரலில் ஸ்பான்சரின் வருமான வரம்பை 29,000 பவுண்டாக ஏற்றி இன்னொரு கையால் பிடுங்கிக்கொண்டது. ஆஸ்திரேலியா 12 மாத உறவு கேட்கும். அங்குள்ள மாநிலம் ஒன்றில் உறவைப் பதிந்துவிட்டால் அந்தக் காலக்கணக்கு இல்லை. அமெரிக்கா இந்த வாழ்க்கைக்கெல்லாம் வகையே வைக்கவில்லை: குடியுரிமை உள்ளவர் நிச்சயித்தவரை அழைத்து 90 நாளுக்குள் கட்டிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வாசல். கான்ஜுகல் என்று சொல்லிக்கொண்டு வருபவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: "தடை எங்கே இருக்கு?" பத்துக்கு எட்டுப் பேர் சொல்லும் பதில், "வீட்டுல ஒத்துக்க மாட்டேங்கிறாங்க." அது வலி, தடை அல்ல. வயது வந்த இருவரைச் சட்டம் தடுக்கவில்லை என்றால், பெற்றோர் சம்மதமின்மையை அதிகாரி கணக்கில் எடுப்பது அரிது. அடுத்த பதில், "வேலையை விட்டுட்டு வர முடியாது." அதுவும் நிற்காது. இன்னொரு பொறி, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை. ஸ்பான்சர் இந்திய வம்சாவளி என்றால் அந்த அட்டையோடு புனேயில் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் தங்கலாம். "அப்படியிருக்க ஏன் ஓராண்டு இங்கேயே சேர்ந்து வாழவில்லை?" என்று அதிகாரி கேட்டால் பதில் கிடையாது. தடை இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். அவர் இங்கே தங்க முடியாது, இவர் அங்கே போக முடியாது, கட்டிக்கொள்ளவும் வழியில்லை என்று மூன்றையும் தாளில் காட்ட வேண்டும்.

ஒரு பாலின இணைகளுக்காகத்தான் இந்த வகை இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து அப்படி வாதிட முடிந்தது. 2018 செப்டம்பரில், ஒரு பாலின உறவைக் குற்றமாக்கிய 377வது பிரிவின் பிடி தளர்ந்த பிறகு, சேர்ந்து வாழ்வது குற்றமில்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் திருமண உரிமை தர மறுத்ததால் இங்கே கட்டிக்கொள்ளத்தான் முடியாது. இதில் ஒரு விசித்திரம். ஆணும் பெண்ணும் வீடு பிடிக்கப் படாதபாடு படுவார்கள், பிடித்துவிட்டால் அந்த ஒப்பந்தமே பாதி சாட்சி. இரண்டு பையன்களுக்கு எந்தச் சொசைட்டியும் 'பேச்சுலர்' என்று வீடு கொடுத்துவிடும், ஆனால் ரூம்மேட் அல்ல, இணை என்று நிரூபிக்க ஒரு துண்டுத் தாள் இருக்காது. அவுந்தில் இருந்த அப்படியொரு ஜோடிக்கு நான் பரிந்துரைத்தது கல்யாணம். தாய்லாந்து 2025 ஜனவரியிலிருந்து ஒரு பாலினத் திருமணத்தைப் பதிகிறது. நடந்த நாட்டிலும் கனடாவிலும் செல்லுபடியானால் கனடாவுக்குப் போதும், இந்தியா ஏற்கிறதா என்பது அதற்குக் கேள்வியல்ல. பாங்காக் போய் வந்தார்கள்.

கான்ஜுகல் வகைக்கு முழுக்கப் பொருந்திய கோப்பு என் கையில் வந்தது அபூர்வம். அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பெண் புனேக்காரி, தமிழ்; முதல் கணவன் சமரசத்துக்கும் வராமல் விட்டும் கொடுக்காமல் சிவாஜிநகர் குடும்ப நீதிமன்றத்தில் வழக்கை இழுத்துக்கொண்டிருந்தான். அவளுடைய இணை யாழ்ப்பாணத்தில் பிறந்து ஸ்கார்பரோவில் வளர்ந்த கனடாக் குடிமகன். இலங்கை வம்சாவளி என்பதால் ஓசிஐ கிடையாது. சுற்றுலா விசாவில் வருவார், இருப்பார், ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து தங்க விசா விடாது, போவார். "அக்கா, நான் இன்னும் எத்தினை தரம் வந்து போறது?" என்று அலுத்துக்கொள்வார். 2023 செப்டம்பரில் இந்தியா கனடாக்காரர்களுக்கு விசா வழங்குவதையே நிறுத்தியது. இ-விசா திரும்ப நவம்பர் ஆனது. மற்றவர்களுக்கு அது அரசியல் செய்தி. எனக்கு அது கோப்பில் சேர்க்கும் தாள். அவளுடைய கனடா விசிட்டர் விசா மறுப்புக் கடிதமும் சேர்ந்தது. பொதுவாக மறுப்புக் கடிதத்தை ஒளித்து வைக்கவே எல்லோரும் விரும்புவார்கள். இந்த வகையில் அதுதான் முதல் பக்கம். நீதிமன்றத்தில் ஒவ்வொரு முறையும் எழுதப்பட்ட வாய்தா உத்தரவுகள், அவர் மாதாமாதம் அனுப்பிய பணத்தின் வங்கிக் கணக்கு, அவளுடைய அம்மா தமிழில் எழுதிக் கொடுத்த கடிதம், அதன் மொழிபெயர்ப்பு. அம்மா கடிதத்தில் "என் மாப்பிள்ளை" என்றே எழுதியிருந்தார். வழக்கறிஞர் அந்தச் சொல்லை மாற்ற வேண்டாம் என்றார்.

நேர்காணலில் அவளிடம் கேட்டது அதிகமும் சாதாரணக் கேள்விகள்: அவர் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார், அவருடைய அப்பாவுக்கு என்ன நோய், கடைசியாக எதற்குச் சண்டை போட்டீர்கள். சண்டைக் கேள்விக்கு அவள் சொன்ன பதில் மிக நீண்டுவிட்டதாகப் பிறகு என்னிடம் வருத்தப்பட்டாள். அதைத்தான் அதிகாரி நம்பியிருப்பார் என்று நான் நினைக்கிறேன்.

விசா வந்தது, விவாகரத்து வரவில்லை. போய்ச் சேர்ந்தபின் ஓராண்டு கடந்துவிட்டது. சிவாஜிநகரில் வழக்கு இன்னும் வாய்தாவில் இருக்கிறது. புனே வக்கீல் தேதி சொல்வார், நான் அவளுக்கு அனுப்பிவிடுவேன். இடையில், யாரும் எந்தப் படிவமும் நிரப்பாமலே, அவர்கள் இரண்டாவது வகைக்கு மாறிவிட்டார்கள்.